நுனி ஒடிக்காத வெண்டைக்காய்

வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்குவது எனக்கு எவ்வளவு பெரிய கொடுமை என்று என் வீட்டில் யாருக்கும் புரியவில்லை. மகளுக்குப் புரியவில்லை, இந்த வம்பை வீட்டுக்குள் இழுத்து வந்தவளே அவள்தான். கணவர் புரிந்ததாகத் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார். ஜங்ஷனில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், எங்கே போகணும் என்று சொல்லி முடிப்பதற்குள் தலையாட்டிப் பழகியவர்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக செக்கிங்கில் இருக்கிறேன். சூளையிலிருந்து இறங்குகிற ஜாடி, டீக்கப்பு, பியூஸ் கட்டை எல்லாம் என் மேஜைக்கு வந்துதான் பேக்கிங்குக்குப் போகும். கையில் எடுத்து, ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, சின்னக் குச்சியால் ஒரு தட்டு தட்டுவேன். நல்ல சரக்கு ணங்கென்று சத்தம் கொடுக்கும். உள்ளே விரிசல் இருந்தால் டொக்கென்று விழும். டொக்கென்றால் இடது பக்கம். பூச்சில் ஊசிமுனை அளவு பள்ளமா, இடது பக்கம். கைப்பிடி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, அதுவும் இடது பக்கம். இடது பக்கம் போனதை அப்புறம் யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்கள். என் கை ஒதுக்கியது ஒதுக்கியதுதான்.

இந்தக் கை சாயந்திரம் ஐந்தரை மணிக்குக் கம்பெனியோடு நின்றுவிடுமா? நிற்காது. ஓட்டலில் தட்டைத் தட்டிப் பார்க்கும். தேங்காய்க் கடைக்காரன் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொள்வான். பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தன்னையும் ஒரு தட்டு தட்டிப் பார்த்திருப்பேன் என்று என் கணவர் ஆட்டோ ஸ்டாண்டில் சொல்லிச் சிரிப்பாராம். தட்டியிருக்க வேண்டும். தப்பு செய்துவிட்டேன்.

எங்கள் கம்பெனி கேட்டுக்கு எதிரே, ஷிப்ட் விடுகிற நேரத்துக்குக் காய்க்காரி ஒருத்தி வருவாள். கம்மாபுரம் பக்கத்துக் கிராமம். ஒரு காணி நிலத்தில் தானே போட்ட வெண்டை, கத்திரி, தக்காளி, கீரையை டிவிஎஸ் பிப்டியின் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகளில் கட்டிக்கொண்டு வந்து, சாக்கை விரித்துக் கொட்டுவாள். ஆறு வருஷமாக வருகிறாள். அந்த நிலத்தை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இந்த வருஷமா அடுத்த வருஷமா என்பது அவளுக்கும் தெரியாது. தெரியாமலேதான் விதைத்துக்கொண்டிருந்தாள்.

செக்கிங், பேக்கிங், பூச்சு முக்குகிற இடம் என்று எல்லாப் பெண்களும் வெளியே வந்ததும் சாக்கைச் சுற்றி நிற்பார்கள். யாரும் காயில் கை வைக்க மாட்டார்கள். எனக்காகக் காத்திருப்பார்கள். "அக்கா, நீங்களே பொறுக்கிக் குடுத்துடுங்க" என்பார்கள். எனக்கு அதில் பெருமை. இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அன்றைக்குப் பெருமைதான். குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெண்டைக்காயை நுனி நுனியாக ஒடிப்பேன். பட்டென்று ஒடிந்தால் பை. வளைந்தால் இடது பக்கம். கத்திரிக்காயைச் சுற்றிப் பார்த்துத் துளை தேடுவேன். சுரைக்காயில் நகத்தை அழுத்துவேன். எட்டுப் பேருக்குப் பொறுக்கிக் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கும்போது ஏதோ பெரிய காரியம் செய்து முடித்த நிம்மதி வரும்.

இது இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் மகளுக்குக் காலேஜில் புராஜெக்ட் கொடுக்கிற வரைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளைச் சோற்றுப் பருக்கையால் பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். உள்ளூரில் விளைவதை வாங்க வேண்டும், அந்தந்தக் காலத்தில் வருவதைச் சாப்பிட வேண்டும், தேவைக்கு மேல் வாங்கக் கூடாது, வாங்கியதை எறியக் கூடாது, பையைக் கையில் கொண்டுபோக வேண்டும். கீழே சிவப்பு மையில் கோடு. ஒரு மாதத்துக்கு எங்கள் வீடுதான் அவளுடைய ஆராய்ச்சிக்கூடமாம். நாங்கள் எலிகளாம். அதை அவள் சொல்லவில்லை, நானாகப் புரிந்துகொண்டேன்.

என் கணவர் மறுநாளே கடைக்குப் போய் இயற்கை உணவு என்று போட்ட சிறுதானிய அவல் வாங்கி வந்தார். அட்டைப் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் இன்னொரு கவர், எல்லாவற்றையும் போட ஒரு கேரி பேக். எங்கிருந்து வருகிறது என்று திருப்பிப் பார்த்தால் இரண்டு மாநிலம் தாண்டி. மகள் அதைப் படம் எடுத்துக்கொண்டாள். நான் தலையிலடித்துக்கொண்டேன்.

என் வரையில் நான் பாஸ் என்று நினைத்தேன். உள்ளூர்க் காய், அந்தந்தக் காலத்துக் காய், நார்ப் பை, எங்கள் வீட்டில் அழுகினது ஒன்று கிடையாது. அழுகுகிற மாதிரி வாங்கினால்தானே அழுகும்? இதை நான் சத்தமாகவே சொன்னேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

அடுத்த நாள் மகள் நோட்டும் பேனாவுமாகக் கம்பெனி கேட்டுக்கு வந்து நின்றாள். நான் பொறுக்கி முடித்துப் போகிற வரைக்கும் காத்திருந்து, காய்க்காரியிடம் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தாள். சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாள்.

"அம்மா, அவங்க எப்பவும் ரெண்டு பெட்டியையும் அக்கம்பக்கமா வெச்சுக் கட்டிக்கிட்டுத்தான் திரும்பிப் போறாங்க. ஒரு நாளாச்சும் கவனிச்சிருக்கியா?"

வருகிற மாதிரியே போகிறாள், அதில் என்ன என்று கேட்டேன்.

"காலிப் பெட்டின்னா ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகிடலாம். அதுல காய் இருக்குதும்மா. நீ ஒதுக்குன காய். நீ ஒதுக்கிட்டா அப்புறம் கம்பெனிப் பொம்பளைங்க ஒருத்தரும் அதத் தொடறதில்லையாம். உங்கம்மா கை பட்டு விழுந்துச்சுன்னா அது விழுந்ததுதாம்மான்னு சொல்றாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என்னைப் பற்றி என் பெண்ணிடம் சொல்ல அவள் யார்? காசு கொடுத்து வாங்குகிறவள் பார்த்து வாங்கக் கூடாதா? மகள் பதில் பேசாமல் சாப்பிட்டாள். அதுதான் அவளிடம் எனக்குப் பிடிக்காதது. திருப்பிப் பேசினால் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டலாம். பேசாமல் இருந்தால் நாம் சொன்னதே நம் காதில் திரும்ப விழுந்துகொண்டிருக்கிறது.

விரிசல் விட்ட பியூஸ் கட்டையை நான் விட்டுவிட்டால் எங்கோ ஒரு வீட்டில் ஆள் செத்துப்போவான். அதனால் ஒதுக்குகிறேன். வளைந்த வெண்டைக்காயால் யார் செத்தார்கள்? மறுநாள் முழுக்க மேஜையில் தட்டிக்கொண்டே இதைத்தான் யோசித்தேன். யோசித்து, வீம்புக்காகவே ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் பொறுக்கித் தர முடியாது என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டேன். அவர்கள் வாங்கிப் போனபின் மிச்சம் கிடந்ததை மொத்தமாக என் பையில் போடச் சொன்னேன். காய்க்காரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்ததைச் சாப்பாடு என்று சொல்ல மாட்டேன். முற்றின வெண்டைக்காய் சாம்பாரில் எவ்வளவு கொதித்தாலும் கயிறாகவே இருந்தது. பிறகுதான் பிளந்து விதையை மட்டும் எடுத்துப் போடலாம் என்று கண்டுபிடித்தேன். தக்காளி வீட்டுக்கு வருவதற்குள்ளேயே ரசமாகிவிட்டது. கத்திரிக்காயில் துளை இருந்த இடத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுத்தான் குழம்பு வைத்தேன். அப்படியும் ஒரு புழு தப்பித்து என் கணவர் தட்டில் போய்ச் சேர்ந்தது. இத்தனை தட்டு இருக்க அந்தத் தட்டுதான் கிடைத்தது. அவர் எழுந்துவிட்டார்.

புழு இருந்தால் அதிகம் மருந்து அடிக்கவில்லை என்று அர்த்தம் என மகள் பாடம் நடத்தினாள். அவர் கை கழுவிக்கொண்டே, மருந்தும் அடிக்கக் கூடாது, புழுவும் இருக்கக் கூடாது, அப்படிப்பட்ட காய் எங்கே விற்கிறது என்று அவள் புராஜெக்டில் எழுதட்டும் என்றார். ஊரே கேட்கிற கேள்விதான். இவர் கொஞ்சம் வெளிப்படையாகக் கேட்டுவிட்டார்.

வீட்டுக்குள் நடந்தது போகட்டும், வெளியே நடந்தது அதைவிட மோசம். நான் கழிசலை அள்ளிக்கொண்டு போவதைப் பார்த்த பெண்கள், எங்கள் வீட்டில் ஏதோ கஷ்டம் என்று பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி என் கணவரின் ஆட்டோவிலேயே ஏறி, வூட்ல எதனா பிரச்சினையா என்று அவரிடமே விசாரித்திருக்கிறாள். அவர் பழக்க தோஷத்தில் தலையாட்டிவிட்டார். இரண்டே நாளில், அவருக்கு ஏதோ நோய் என்று பேக்கிங்கில் முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு மத்தியானச் சாப்பாட்டில் கூடுதலாக ஒரு வடை வைத்தார்கள். வடையை மறுக்க முடியவில்லை. நல்ல வடை.

இன்னொரு கூத்தும் நடந்தது. முன்பு நான் ஒருத்தி பொறுக்கினேன். நான் விலகியதும் அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். ஒடிக்கத் தெரியாதவர்களெல்லாம் ஒடித்தார்கள். பிஞ்சு, முற்றல் எல்லாவற்றுக்கும் நுனி போயிற்று. எப்படியும் மிச்சத்தை நான் அள்ளிக்கொள்கிறேன் என்ற தைரியம் வேறு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. எட்டுக் குடும்பம் கழித்ததை என் ஒரு குடும்பம் தின்ன முடியுமா? பாதியைத்தான் என்னால் எடுக்க முடிந்தது. மீதி மறுபடியும் டிவிஎஸ் பிப்டியில் ஏறியது.

அடுத்த வாரம் ஒரு நாள் எல்லோரும் போன பிறகு காய்க்காரி என்னை நிறுத்தினாள். சாக்கை உதறி மடித்துக்கொண்டே பேசினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, பேக்கிங்குக்கு ஆளு எடுக்கறாங்களாமே. எனக்குக் கொஞ்சம் சொல்லி வுடுங்க. இந்த மாசத்தோட காய் வியாபாரத்த நிறுத்திடலாம்னு இருக்கறேன்."

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒடிச்ச காய மறுநாளு யாரும் வாங்க மாட்டாங்க. மாடு கூட மோந்துட்டுப் போவுது. நெலம் போவுதோ இருக்குதோ, இருக்கறவரைக்கும் விதைக்கலாம்னு பாத்தேங்க. விதைச்சதுல பாதியத் திரும்பத் தூக்கிட்டுப் போறதுக்கு எதுக்கு விதைக்கணும் சொல்லுங்க?"

குறை சொல்கிற குரலில் அவள் சொல்லவில்லை. நிலத்தை யாராவது வந்து எடுப்பதற்கு முன்னால், நாங்களே குந்தி உட்கார்ந்து நுனி நுனியாக ஒடித்து அவளை அனுப்பிக்கொண்டிருந்தோம். அதை ஆரம்பித்து வைத்தவள் நான். பேக்கிங்கில் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். சொல்லவில்லை.

மறுநாள் மணி அடித்ததும் முதல் ஆளாக ஓடினேன். சாக்குக்கு முன்னால் நின்றுகொண்டேன். இனிமேல் யாரும் கை வைக்கக் கூடாது, காய்க்காரி அள்ளிப் போடுவதுதான் கணக்கு, வளைந்ததும் நேரானதும் கலந்துதான் வரும் என்றேன். நீ மட்டும் இத்தனை வருஷம் பொறுக்கினாயே என்று பூச்சுப் பிரிவுக்காரி ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்கு நியாயமான கேள்வி கேட்கிறவர்களைக் கண்டால் எரிச்சல் வரும்.

"நான் ஒதுக்கிட்டா அது நல்லால்லன்னு நீங்களே நம்புனீங்க இல்ல?" என்றேன். "இப்ப நான்தான் சொல்றேன். இன்னிக்கு வந்தது எல்லாம் பாஸ். வளைஞ்சதும் பாஸ், குட்டையும் பாஸ். அள்ளிப் போடச் சொல்லி வாங்கிட்டுப் போங்க."

இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். மற்றவர்கள் பையை நீட்டினார்கள். முற்றலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொருத்திக்கும் விளக்கம் சொன்னேன். என் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போயிற்று. என் பையையும் காய்க்காரிதான் கட்டிக் கொடுத்தாள். அன்றைக்கும் பெட்டியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இருந்தாலும் முன்னைப் போல இல்லை.

இரண்டு மூன்று நாள் இப்படிப் போயிற்று. ஒரு நாள் என் கணவர் வெண்டைக்காய்ப் பொரியலை இரண்டாம் முறை போட்டுக்கொண்டு, காய் பஞ்சு மாதிரி இருக்கிறது என்றார். மகளும் ஆமாம் என்றாள். எனக்குச் சந்தோஷம். மறுநாள் பூச்சுப் பிரிவுக்காரி என் மேஜைக்கே வந்து, தன் பையில் வந்தது பூராவும் கோணலும் குட்டையும், இதுதான் நீ சொன்ன கலந்து போடுகிற லட்சணமா என்று கேட்டாள்.

கையிலிருந்த ஜாடியைத் தட்டாமலேயே கீழே வைத்தேன். சாயந்திரம் காய் வாங்க நிற்காமல் வீட்டுக்குப் போய்ப் பிரிட்ஜைத் திறந்து முந்தின நாள் மிச்சத்தை எடுத்துப் பார்த்தேன். விரல் நீளம், ஒரே பச்சை, ஒரு வளைவு கிடையாது, ஒரு வடு கிடையாது. செக்கிங் மேஜைக்கு வந்திருந்தால் அத்தனையும் ணங். ஒருத்தியும் பொறுக்கக் கூடாது என்று நான் கத்திக்கொண்டிருக்க, காய்க்காரி வீட்டிலேயே உட்கார்ந்து எனக்காகப் பொறுக்கித் தனியாக வைத்து எடுத்து வந்திருக்கிறாள். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்கள். இங்கே யார் நாய், யார் வால் என்றே தெரியவில்லை.

அடுத்த நாள் கேட்டுக்கு வெளியே வந்ததும் என் பையைக் கொடு என்றேன். சாக்குக்கு அடியில் தயாராக வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தாள். தினமும் இப்படித்தானா என்று கேட்டேன். மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது.

"எனக்காக அத்தினி பேர்கிட்டயும் பேசுனீங்க. உங்களுக்குப் போயி கோணல அள்ளிப் போட எனக்குக் கை வரலீங்க அக்கா" என்றாள்.

இதற்கு மேல் என்ன திட்டுவது? திட்டத்தான் நினைத்தேன். அந்த ஆத்திரத்தில் பையைத் தலைகீழாகக் குவியலின் மேல் கொட்டினேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் கலந்தேன். இருபத்திரண்டு வருஷமாக வலது, இடது என்று பிரித்தே பழகிய கை. நல்லது எது, கோணல் எது என்று அதற்குத் தொட்டவுடன் தெரிகிறது. தெரியத் தெரியக் கலந்தேன். நடுவில் ஒரு வெண்டைக்காய் விரலுக்குள் வந்து உட்கார்ந்தது. கட்டைவிரல் தானாக அதன் நுனிக்குப் போயிற்று. பூச்சுப் பிரிவுக்காரி குனிந்து பார்த்தாள். ஒடிக்காமல் போட்டுவிட்டேன். அது பிஞ்சா முற்றலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அது இன்னும் உறுத்துகிறது.

"இப்பப் போடு" என்றேன்.

அள்ளிப் போட்டாள். பூச்சுப் பிரிவுக்காரிதான் முதலில் பையை நீட்டினாள். முதல் நாள் முணுமுணுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்ட இரண்டு பேரில் ஒருத்தியும் அன்றைக்கு வந்து நின்றாள். கடைசியில் சாக்கின் மேல் கீரைக் காம்பும் மண்ணும்தான் கிடந்தது. காய்க்காரி சாக்கை உதறினாள். ஒரு பெட்டியை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அதை மற்ற பெட்டிக்குள் செருகி, ஒரே கட்டாக வண்டியில் கட்டினாள். ஆறு வருஷத்தில் அவள் அப்படிக் கட்டி நான் பார்த்ததில்லை.

பேக்கிங் வேலைக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

வண்டியைக் கிளப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். "பாக்கலாங்க அக்கா. தோ, கொத்தவரை பூ வுட்டிருக்குது. பத்து நாளுல கொண்டாரேன்" என்றாள்.

கொத்தவரங்காய் எனக்கு அறவே பிடிக்காது. சரி, கொண்டு வா என்றேன்.